வீட்டுக்குள் ஒரு இச்சி மரம்: மதுரை வெயிலில் போன்சாய் தொடங்குகிறவர்களுக்கு

போன்சாய் வாங்கி வீட்டில் வைத்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றணும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: மரம் எங்கே இருக்கிறது? டிவி ஸ்டாண்டில், ஷோகேஸில், ஹால் டீப்பாயில் என்று பதில் வந்தால் தண்ணீர்க் கணக்கைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. அந்த மரம் பட்டினி கிடக்கிறது. மரத்துக்குச் சாப்பாடு வெளிச்சம்தான், தண்ணீரும் உரமும் அதற்கு அப்புறம்.

என் முதல் மரம் செத்ததும் இப்படித்தான். ஒரு நர்சரியில் பார்த்ததுமே பிடித்துப்போய் வாங்கி வந்தேன், தொட்டிக்கு மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பி அவ்வளவு லட்சணமாக இருந்தது. ஹாலில் வைத்து தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர். இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழ ஆரம்பித்ததும் தண்ணீர் போதவில்லை போல என்று இரண்டு டம்ளராக்கினேன். இரண்டாவது மாதம் அடிமரத்தைப் பிடித்து லேசாக அசைத்தால் கையோடு வந்துவிட்டது. கூழாங்கல் முழுவதும் பசை போட்டு ஒட்டியது, தொட்டிக்கு அடியில் ஓட்டையே கிடையாது, வேர் கறுத்து அழுகிச் சாக்கடை நாற்றம் அடித்தது. அதனால் கடையில் காசைக் கொடுப்பதற்கு முன்னால் தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள், மேல் கல்லை விரலால் நெம்பிப் பாருங்கள். ஓட்டை இல்லாத தொட்டியில் இருந்தாலும் மரம் பிடித்திருக்கிறது என்றால் வாங்கலாம், ஆனால் அன்றைக்கே ஒட்டின கல்லைப் பெயர்த்து, டிரில் வைத்து அடியில் இரண்டு ஓட்டை போட்டுவிட வேண்டும்.

போன்சாய் என்பது ஒரு மரத்தின் பெயர் இல்லை. ஜப்பானிய மொழியில் போன் என்றால் ஆழமில்லாத தொட்டி, சாய் என்றால் நடுவது. எந்த மரத்தையும் அப்படி வளர்க்கலாம். "போன்சாய் விதை" என்று பாக்கெட் போட்டு விற்பதெல்லாம் சாதாரண மர விதைதான், அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

என் அப்பத்தா இருந்தவரை என் தொட்டிகளைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். "ஏய்யா, காட்டுல வளர வேண்டிய மரத்தச் சட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கியே, பாவமில்லையா?" என்பார். நியாயமான கேள்வி, நிறையப் பேர் மனதில் இருப்பதும் இதுதான். அப்பத்தாவுக்கு மல்லிகைத் தோட்டம் பார்த்த பழக்கம் உண்டு என்பதால் அதை வைத்தே பதில் சொன்னேன். கார்த்திகையில் மல்லிகைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறோம், மாசி பங்குனியில் துளிர்த்துப் பூத்துக் கொட்டுவது அப்படி வெட்டின செடிதானே, இதுவும் கவாத்துதான் அப்பத்தா என்றேன். பட்டினி போட்டுக் குட்டையாக்குகிற வேலை இல்லை இது. கிளையையும் வேரையும் அளவோடு வெட்ட வெட்ட, புது வேரும் புதுத் துளிரும் வந்துகொண்டே இருக்கும். ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த யமாகி குடும்பத்தின் வெள்ளைப் பைன் ஒன்று 1625-லிருந்து தொட்டியில் வளர்கிறது. 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது தோட்டத்துச் சுவர் மறைவில் இருந்து பிழைத்து, 1976-ல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போய், இன்றைக்கும் வாஷிங்டன் தேசிய மரப் பூங்காவில் பச்சையாக நிற்கிறது. தொட்டியில் வைத்ததாலேயே மரம் வதைபடுகிறது என்றால் நானூறு வருசம் நிற்காது.

முதலில் இடம்

மரம் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இடத்தைத் தேடுங்கள். மத்தியானம் 12 மணி வாக்கில், மரம் வைக்கலாம் என்று நினைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல் விரலாகத் தெரிகிற மாதிரி நிழல் விழுந்தால் நல்ல இடம். கை இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தால் மரம் இழுத்துக்கொண்டு கிடக்கும். நிழலே விழவில்லை என்றால் அங்கே மரம் வேண்டாம், படம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கிழக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அதுதான் முதல் தரம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் இலையில் நேராகப் பட்டுவிட்டு, சூடு ஏறும்போது விலகிவிடும். மேற்கு ஜன்னல் பங்குனி தொடங்கி அடுப்பு மாதிரி. வடக்கு, தெற்கு ஜன்னல்களில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து 10 டிகிரி வடக்கே இருப்பதால் சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆவணி முற்பாதி வரை வடக்கே சாய்ந்து நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் வடக்கு ஜன்னல்காரர்களுக்குக் கோடையில் வெளிச்சம் கிடைக்கும், மார்கழியில் கிடைக்காது. தெற்கு ஜன்னலுக்கு அப்படியே தலைகீழ். இரண்டும் இருக்கிற வீடு என்றால் வருசத்துக்கு இரண்டு தடவை மரத்தை இடம் மாற்றினால் போதும்.

ஜன்னலில் இருந்து இரண்டு அடி தள்ளி வைப்பதற்கும் ஆறு அடி தள்ளி வைப்பதற்கும் நம் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இலைக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜன்னலில் அடித்திருக்கிற கொசுவலையில் தூசி அடைந்திருந்தால் அதுவும் வெளிச்சத்தைத் தின்னும், மாதம் ஒரு தடவை கழுவிவிடுங்கள். காம்பவுண்டு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் என்கிறவர்களுக்கு வெள்ளை எல்இடி விளக்குதான் வழி. 20 வாட் பட்டி விளக்கு ஒன்றை மரத்துக்கு ஒரு அடி உயரத்தில் மாட்டி, தினமும் 12 மணி நேரம் எரியவிட்டால் இச்சி மரம் தாக்குப் பிடிக்கும். ஏசி காற்று நேராகப் படுகிற இடம் மட்டும் வேண்டவே வேண்டாம். வாரம் ஒரு தடவை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் அடர்ந்து, வீட்டுப் பக்கம் மொட்டையாகிவிடும்.

எந்த மரம்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இச்சி. ஆல், அரசு குடும்பம்தான், இலை மட்டும் சிறிது, தடிப்பு, பளபளப்பு. நர்சரியில் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்று கேட்டால் தருவார்கள். அடியில் கிழங்கு மாதிரி வேர் உப்பி நிற்கிற "ஜின்செங்" போன்சாயும் இதே மரம்தான். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும், தப்பாக வெட்டினாலும் துளிர்க்கும், வேரை வெட்டினாலும் மனம் நோகாது. இத்தாலியில் மிலான் பக்கம் பராபியாகோவில் உள்ள கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூரைக்குள் ஓங்கி நிற்கிற பெரிய மரமும் இந்த ஃபைகஸ் இனம்தான். பனிக்காலமுள்ள ஊரிலேயே உள்ளே வைத்து வளர்க்க முடிகிற மரம், மதுரையில் தாராளமாக வளரும்.

இன்னும் சுலபமாக வேண்டும், தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவேன் என்கிறவர்கள் ஜேடு எடுத்துக்கொள்ளலாம். குட்டிக் குட்டி உருண்டை இலை, செந்நிறத் தண்டு, இலைக்குள்ளேயே தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு கிளையை ஒடித்து, வெட்டுவாய் காய மூன்று நாள் நிழலில் போட்டுவிட்டு நட்டால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் குருவிச்சி. நம் பக்கத்துப் பொட்டல் காடுகளில் புதராகக் கிடக்கிற செடி, சொரசொரப்பான சிறு இலை, வெள்ளைப் பூ, சிவப்புப் பழம். வெளிநாடுகளில் இதைக் கார்மோனா என்று பெரிய போன்சாய் மரமாகக் கொண்டாடுகிறார்கள். அழகுதான், ஆனால் வீட்டுக்குள் இச்சியைவிட வெளிச்சம் அதிகம் கேட்கும், இரண்டாவது மரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அழகர்மலை, அரிட்டாபட்டிப் பக்கம் போய்த் தோண்டிவிடாதீர்கள். அழகர்மலை வனத்துறைக் காடு, அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். நாற்று வாங்கி வளர்ப்பதுதான் மரியாதை.

ஜூனிப்பர், பைன், மேப்பிள் இதெல்லாம் ஆன்லைனில் பார்த்து ஆசைப்படாதீர்கள். குளிரில் ஓய்வெடுத்தால்தான் அந்த மரங்கள் மறு வருசம் துளிர்க்கும். மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அடினியம், காகிதப்பூ, புளி, கொடுக்காப்புளி எல்லாம் அருமையான போன்சாய் ஆகும், ஆனால் மொட்டை மாடியில். அரசும் ஆலும் வீட்டுக்குள் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அதற்காகச் சண்டை போட வேண்டாம், அந்த இரண்டுக்கும் இலை பெரிது, சின்னத் தொட்டிக்குப் பொருந்தவும் பொருந்தாது.

காசே செலவழிக்காமல் இச்சி கிடைக்க ஒரு வழி உண்டு. பறவை எச்சத்தில் விழுந்த விதை சன்ஷேடு இடுக்கிலும் கைப்பிடிச் சுவர் வெடிப்பிலும் முளைத்து நிற்கும், எப்படியும் பிடுங்கி எறியத்தான் போகிறோம். மழை பெய்து சுவர் ஊறியிருக்கிற நாளில் மெதுவாக ஆட்டி ஆட்டி எடுத்தால் வேரோடு வரும். பென்சில் கனத்துக்குத் தண்டு இருந்து வேர் அறுந்துபோனாலும் பரவாயில்லை, இலையை உதிர்த்துவிட்டு ஈர மணலில் செருகி நிழலில் வையுங்கள், மழைக்காலத்தில் ஐந்தாறு வாரத்தில் வேர் விட்டுவிடும். இப்படி வந்த கன்று மரமாகத் தெரிய வருசக் கணக்காகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நர்சரியில் வாங்குகிறவர்கள் உச்சியைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். தண்டு அடியில் பருத்து மேலே போகப் போக மெலிந்திருக்க வேண்டும், நாலு பக்கமும் வேர் பரவி மண்ணைப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும், கீழேயே கிளை இருக்க வேண்டும். உயரம் எவ்வளவு இருந்தாலும் பிறகு வெட்டிக்கொள்ளலாம், அடி பருமனை நாம் உண்டாக்குவது கஷ்டம்.

தொட்டியும் மண்ணும்

முதல் வருசமே தட்டையான தொட்டிக்கு அவசரப்பட வேண்டாம். நாலைந்து அங்குல ஆழமுள்ள மண் தொட்டி போதும். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடமோ, மானாமதுரைக் குயவர்களிடமோ சொன்னால் கேட்கிற அளவில் வனைந்து தருவார்கள். சொல்லும்போதே, சுடுவதற்கு முன்னால் அடியில் கட்டை விரல் நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டையும், கம்பி நுழைய நாலு சின்ன ஓட்டையும் போடச் சொல்லிவிடுங்கள். மூலைக்கு ஒரு குட்டிக் கால் வைத்தால் காற்றும் தண்ணீரும் அடியில் போய் வரும்.

மண் விசயத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டால், திருமங்கலம் பக்கத்துக் கரிசலாக இருந்தால் களியாகப் பிடித்துக்கொள்ளும், செம்மண்ணாக இருந்தால் நாலு மாதத்தில் செங்கல்லாகும். சின்னத் தொட்டியில் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் காற்று. அதனால் நான் போடுவது உடைத்த செங்கல் மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, நன்றாக அலசின தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நன்றாக வெந்த நாட்டுச் செங்கல்லைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் தட்டிச் சலித்துக்கொள்ளுங்கள். கடுகு விழ வேண்டும், மிளகு நிற்க வேண்டும், அந்தச் சல்லடைக் கண் சரியான அளவு. விழுகிற தூளை மண்ணில் சேர்க்காதீர்கள், அது போய் அடி ஓட்டையை அடைத்துவிடும். நார்க்கழிவில் உப்பு இருக்கும், கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

தொட்டி மாற்றுகிற நாள்

நர்சரியில் இருந்து வந்ததும் மாற்றாதீர்கள். மூன்று நாலு வாரம் புது வெளிச்சத்துக்குப் பழகட்டும். கத்திரி வெயிலில் மாற்றவே கூடாது. ஆவணி, புரட்டாசியில் சாயங்கால மழை தொடங்கின பிறகு நான் மாற்றுவது வழக்கம், சூடும் இருக்கும், காற்றில் ஈரமும் இருக்கும், வேர் சீக்கிரம் ஓடும். மாசியில் புதுத் துளிர் கிளம்புகிற நேரமும் நல்லதே.

முந்தின நாள் தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள், வேர்க்கட்டி உதிர்வது சுலபமாக இருக்கும். புதுத் தொட்டியின் ஓட்டைகளுக்கு மேல் கொசுவலைத் துண்டை வைத்து, சின்ன ஓட்டைகள் வழியாக ஒரு கம்பியை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து விடுங்கள். இரண்டு விரல் உயரத்துக்கு மண் கலவை. இப்போது மரத்தை எடுத்து, மூங்கில் குச்சியால் வேர்க்கட்டியை வெளிப்புறத்திலிருந்து கோதிவிட வேண்டும், சிக்குப் பிடித்த தலைமுடியை நுனியிலிருந்து வாருகிற மாதிரி, இழுக்காமல். தொட்டிக்குள் வட்டம் வட்டமாகச் சுற்றின நீள வேர்களை வெட்டுங்கள், நேர் கீழே போகிற தடித்த வேரைச் சுருக்குங்கள், மயிர் வேரை முடிந்தவரை காப்பாற்றுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெட்டின இடத்தில் வெள்ளைப் பால் வடியும், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு கையைக் கழுவிவிடுங்கள்.

மரத்தை வைத்து, கம்பியை வேருக்கு மேலே கொண்டுவந்து முறுக்கிக் கட்டுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், மரம் ஆடினால் புது வேர் முளைக்க முளைக்க அறுந்துபோகும். மேல் மண்ணைப் போட்டு, குச்சியால் குத்திக் குத்தி வேர் இடுக்கெல்லாம் இறக்குங்கள், உள்ளே பொந்து இருக்கக் கூடாது. அப்புறம் ஒரு அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றித் தொட்டியின் விளிம்பு வரை முங்குகிற மாதிரி இறக்குங்கள். மண்ணிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று கிளம்பும், முதலில் படபடவென்று, பிறகு ஒன்றொன்றாக. கடைசிக் குமிழி நின்றதும் எடுத்து, ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால் தேங்கின தண்ணீர் ஓடிவிடும். இரண்டு வாரம் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள், ஒரு மாதத்துக்கு உரம் கிடையாது.

தண்ணீர்

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். வாரத்துக்கு இத்தனை தடவை என்று கணக்கே கிடையாது. ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் தெரிந்தால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம், அடி ஓட்டையில் தண்ணீர் ஓடி வருகிற வரை ஊற்றி, தட்டில் தேங்கினதைக் கொட்டிவிடுங்கள். கொஞ்ச நாளில் தொட்டியைத் தூக்கினாலே எடையில் தெரிந்துவிடும். என் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் ஒரு சாண் தொட்டிக்குச் சித்திரை வைகாசியில் காலையும் சாயங்காலமும் தேவைப்படும், அதே தொட்டிக்கு ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வரை கை வைக்க வேண்டியிருக்காது. ஜேடு என்றால் மண் முழுக்கக் காய்ந்து இரண்டு நாள் போன பிறகுதான்.

நம் ஊரில் நிறைய வீடுகளில் போர் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அந்த உப்பு மண்ணிலும் இருக்கிறது என்று அர்த்தம், இலை நுனி கருகுவது இதனால்தான். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் தங்கம். இல்லாவிட்டால் கார்ப்பரேஷன் தண்ணீர். அதுவும் கிடைக்காதவர்கள் போர் தண்ணீரையே ஊற்றலாம், மாதம் ஒரு நாள் நல்ல தண்ணீர் இரண்டு குடம் பிடித்து மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றிவிட வேண்டும். ஆர்ஓ மெஷினில் வெளியேறுகிற கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் உப்பு எல்லாம் திரண்டு இருப்பது அதில்தான். அதை வாசல் தெளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இலை மேல் தண்ணீர் தெளிப்பதால் இச்சிக்குத் தூசி போகும், அவ்வளவுதான், வேருக்கு ஊற்றுவதற்கு அது ஈடாகாது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டு நாள் வரை, முங்கவைத்து எடுத்து ஜன்னலில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் போதும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் கொடுத்து, விரலை விட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரக்கடையில் கிடைக்கிற 19:19:19 தூளை லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து, புதுத் துளிர் ஓடுகிற மாதங்களில் 15 நாளுக்கு ஒரு தடவை. கடலைப் புண்ணாக்குக் கரைசல் அற்புதமான உரம், ஆனால் வீட்டுக்குள் நாற்றம் தாங்காது.

வெட்டுவது, வளைப்பது

கிளை நன்றாகக் கிளம்பின பிறகுதான் கத்தரி. ஒரு கிளையில் ஆறு ஏழு இலை வரும்வரை விடுங்கள், பிறகு இரண்டு இலை மட்டும் விட்டு வெட்டுங்கள். வெட்டின இடத்துக்கு அடியில் இலைக் காம்பு இருக்கிற கணுவிலிருந்து புதுத் துளிர் வரும், அந்த இலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கமே கிளையும் போகும். அதனால் வெளிப்பக்கம் பார்த்த இலைக்கு மேலே வெட்டினால் மரம் விரியும், உள்பக்கம் பார்த்ததற்கு மேலே வெட்டினால் கிளைகள் சிக்கிக்கொள்ளும். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் கம்பியே இல்லாமல் பாதி வடிவத்தைக் கொண்டுவந்துவிடலாம். அடி பருக்க வேண்டும் என்றால் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் ஒரு வருசம் ஓடவிடுங்கள், தண்டு கனத்ததும் அதை எடுத்துவிடலாம்.

வடிவத்துக்கு ஜப்பானியப் பைன் படங்களைப் பார்த்துப் பார்த்து நம் இச்சியை அதுபோல ஆக்கப் பார்க்க வேண்டாம். ஊர்ச் சாவடி ஆலமரத்தின் அடியில் போய் நின்று பாருங்கள். முதல் கிளை எவ்வளவு உயரத்தில் பிரிகிறது, பாரம் தாங்காமல் எங்கே தாழ்கிறது, கொண்டை எப்படிக் குடை மாதிரி கவிகிறது, வேர் எப்படித் திண்ணை மாதிரி புடைத்திருக்கிறது. போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் ஜன்னலில் இருக்கிற மரம், அம்மா ஊரில் அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற ஆலமரத்தைப் பார்த்து வெட்டினது. ஒரு நாள் மாமா வந்து பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்லாமலே, "நம்ம அய்யனார் கோயில் மரமா இது?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை.

கம்பி போடுவது என்றால் அலுமினியக் கம்பி, கிளை கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. 45 டிகிரி சாய்வில், இலையை உள்ளே மாட்டிக்கொள்ளாமல், கிளையை ஒட்டிச் சுற்றி, கட்டை விரலால் முட்டுக்கொடுத்து மெதுவாக வளைக்க வேண்டும். நம் சூட்டுக்கு இச்சி வேகமாகப் பருக்கும், ஒரு மாதத்திலேயே கம்பி பட்டையில் பதிய ஆரம்பித்துவிடும், வாரா வாரம் பாருங்கள். எடுக்கும்போது சுற்றைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பி பயமாக இருந்தால் சணல் கயிற்றைக் கிளையில் கட்டித் தொட்டி விளிம்போடு இழுத்துக் கட்டினாலும் கிளை தாழும், தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இலை கொட்டினால்

இடம் மாற்றினதும் இலை கொட்டும், முக்கியமாக இன்னொரு ஃபைகஸான பெஞ்சமினா வகையில். பயந்து தண்ணீரை அதிகமாக்காதீர்கள், இலை குறைந்த மரம் குறைவாகத்தான் குடிக்கும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது, நல்ல வெளிச்சத்தில் வைத்துக் காத்திருங்கள். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் எங்கேயோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது, இலைக் காம்பு இடுக்கில் தேடுங்கள், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் அடியுங்கள். துளிர் இலை நடுவில் மடிந்து அதற்குள் கறுப்பாகப் பொடிப் பூச்சி ஓடினால் அது இலைப்பேன், அந்த இலைகளைக் கிள்ளிக் கவரில் போட்டுக் கட்டி வெளியே போட்டுவிடுங்கள்.

கத்திரியில் ஜன்னல் கண்ணாடியை ஒட்டி இலை இருந்தால் வெந்துவிடும், ஒரு அடி உள்ளே தள்ளுங்கள். ஆடிக்காற்று வேறு கதை, அது மண்ணின் ஈரத்தை அரை நாளில் உறிஞ்சிவிடும், அந்த மாதத்தில் விரல் சோதனை இரண்டு வேளையும் வேண்டும்.

விழுது

இச்சி வைத்திருக்கிற எல்லாருக்கும் விழுது மேல் ஆசை வரும். வீட்டுக் காற்றில் ஈரம் போதாது, கிளையில் செம்பழுப்பாக மொட்டு மாதிரி நுனி எட்டிப் பார்த்துவிட்டுக் காய்ந்துபோகும். ஐப்பசி கார்த்திகையில் அப்படி ஒரு நுனி தெரிந்தால் தாமதிக்காமல் ஒரு ஸ்ட்ராவை எடுத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் கீறி, நுனியை உள்ளே விட்டு, ஸ்ட்ராவின் அடியை மண்ணில் ஒரு விரல் ஆழம் செருகிவிடுங்கள். தினமும் மேல் வாயில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தால் உள்ளே ஈரம் நிற்கும், வெள்ளை நுனி நூல் மாதிரி இறங்கி வருவது பிளாஸ்டிக் வழியாகவே தெரியும். மண்ணுக்குள் போய் இரண்டு மூன்று மாதம் ஆகி, நூல் கம்பி மாதிரி விறைத்த பிறகு ஸ்ட்ராவைக் கத்தரியால் நீளமாக வெட்டி உரித்து எடுத்துவிடுங்கள். விழுதைத் தொட்டு இழுத்துப் பார்க்க வேண்டாம்.